உள்ளுக்கு வரட்டும்

எதிர்ப்பக்கத்து மதிலோரம் குந்தியிருந்து, பற்றவைக்காத பீடியை வாயில் கவ்விக்கொண்டு, சுடலைமுத்து வீட்டைப் பார்க்கிறார். நாய் பிறகு, முதலில் வீடு. கேற்றைத் திறந்தவர்கள் திரும்பச் சாத்துகிறார்களா, வீட்டுப் பிள்ளை ஓடித் திரிகிற பிள்ளையா இருந்த இடத்தில் விளையாடுகிற பிள்ளையா, மிச்சச் சோற்றை எங்கே கொட்டுகிறார்கள், மத்தியான வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான், "இந்த வூட்டுக்குக் குட்டக்கால் தினுசு சரிங்க" என்று வாயைத் திறப்பார். அவசரப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது. "பொண்ணு குடுக்கிற எடத்தப் பாக்க வேணாங்களா?" என்று கேட்பார். கேட்டவர் சிரித்தாலும் அவர் சிரிக்கமாட்டார்.

அவருக்குத் தொழில் நாய்க்கு வீடு தேடுவதல்ல, நாய் பிடிப்பது. கொட்டாஞ்சேனையில் நகரசபைத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கிறார். விடிந்தும் விடியாமலும் கூண்டு வண்டி ஒழுங்கைக்குள் திரும்பும். முன்னால் காக்கிக் காற்சட்டையும் கையில் சுருக்குக் கயிறு கட்டிய மூங்கிலுமாகச் சுடலைமுத்து நடந்து வருவார். தெரு நாய்கள் அவருடைய வாடை கண்டே ஓடிவிடும். சில வீடுகளில் கதவைச் சாத்துவார்கள், சில வீடுகளில் காறித் துப்புவார்கள். மலைத்தோட்டத்தில் பிறந்து கொழும்புக்கு இறங்கிய அவருடைய ஆட்களுக்குத் தெருக்கூட்டுவது, மலவாளி சுமப்பது, நாய் பிடிப்பது என்று சில வேலைகள்தான் கிடைத்தன. ஏன் கிடைத்தன என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பிடிபட்ட நாய்க்கு உரியவர் வந்தால் அது பிழைத்தது. வராவிட்டால் பெட்டி. உள்ளே புகை விடுகிற தகரப் பெட்டி அது. பெரிய நாய்களைப் பற்றிச் சுடலைமுத்து அதிகம் பேசுவதில்லை. "பெரிசுக்கு வெசயம் தெரியுங்க. மொறைச்சுக்கிட்டுப் போவும். நாமளும் மொறைச்சுக்கிட்டே தள்ளிப்புடலாம். சின்னது வால ஆட்டிக்கிட்டுல்ல போவுது. அதாங்க முடியல." இதைச் சொல்லும்போது அவர் ஆளைப் பார்க்கமாட்டார், தன் கையைத்தான் பார்ப்பார். பிடிபட்ட நாய்களை அடைக்கிற கொட்டடிக்குச் சின்ன நாய் ஒன்று வந்துவிட்டால், உரியவருக்காக வைத்திருக்கும் நாள் முடிவதற்குள் எங்காவது ஒரு வீட்டில் சேர்த்துவிட வேண்டுமென்று அலையத் தொடங்கிவிடுவார். யாரும் அவரிடம் கேட்ட வேலையல்ல இது.

சின்ன நாய்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பொமரேனியன் அவர் வாயில் 'பூமரணி'. "பூமரணி வயசானவங்க வூட்டுக்குங்க. கொழந்த கைய நீட்டினா பல்லு முந்திக்கும்." டெரியர் 'ஓட்டக்காரன்'. முகம் சப்பையான சீனத்து நாய் 'மூச்சுவாங்கி'; சித்திரை வெயிலுக்கு அது ஆகாது, ஈரச் சாக்கில் கிடத்த ஆள் வேண்டும். உடல் நீண்டு கால் குட்டையான தாஷண்ட் 'வாழத்தண்டு'. சொல்வதெல்லாம் பலித்துவிடும் என்றும் இல்லை. மண்ணையே கிளறாது என்று சத்தியம் பண்ணி யோசெப்பின் ரீச்சர் வீட்டில் அவர் விட்ட ஓட்டக்காரன், ரீச்சரின் ரோசாச் செடிகளை வேரோடு தோண்டிப் போட்டது. இப்போதும் பூசை முடிந்து வரும் வழியில் அவரைக் கண்டால், "நீ பெரிய ஆள்தான் போ!" என்று ரீச்சர் கையெடுத்துக் கும்பிடுவார். சுடலைமுத்து பல்லைக் காட்டிக்கொண்டு நழுவிவிடுவார்.

லயத்தில் அவருடைய மனைவி பழனியம்மாவுக்கு இதெல்லாம் எரிச்சல். "பெத்த மகளுக்கு மாப்புள்ள பாக்க இந்தாளு ஒரு நாளு காலெடுத்து வச்சதில்ல. நாயிக்கு மட்டும் ஊரெல்லாம் சம்பந்தம் பேசுது" என்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்வாள். சொல்லிவிட்டு, கொண்டுவந்த நாய்க்குக் கஞ்சி ஆற்றி வைப்பவளும் அவள்தான்.

கொட்டாஞ்சேனையில் அவரிடம் நாய் கேட்பவர்கள் அநேகமாகக் கிறிஸ்தவ வேதக்காரரும் பறங்கியரும். அவர்கள் "என்ன பிறீட்?" என்று கேட்பார்கள். அவர் தினுசு என்பார். சாதி என்ற சொல்லை நாயோடு சேர்த்து அவர் சொல்லிப் பழகவில்லை, கேட்டும் பழகவில்லை. அது மனிதருக்கு உரியது என்றுதான் அவருக்குத் தெரியும். பிறந்த தோட்டத்தில் லயத்தில் குடியிருக்கிற காம்பிராவை அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். பீலியில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்பதும் அதைப் பார்த்துத்தான். கொழும்பிலும் பேச்சுக் கொடுக்கிற தமிழர் ஊரைக் கேட்டு, பேரைக் கேட்டு, மூன்றாவதாக அங்கேதான் வந்து நிற்பார்கள். அதனால் எந்த வீட்டுக் கேற்றையும் அவர் தாண்டுவதில்லை. பறங்கியர் கூப்பிட்டாலும் போகமாட்டார். நாயைக் கேற்றடியில் இறக்கிவிட்டு, "அது போவட்டுங்க, நம்ம வேல இதோட சரி" என்று வெளியிலேயே நின்றுகொள்வார்.

போன ஆடியில் வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் ஒரு சிறுமியைத் தெரு நாய் கடித்துவிட்டது. அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருக்கும் யாழ்ப்பாணத்தவர் நமசிவாயத்தின் மகள் தவமணி. பொரளைக்குக் கொண்டுபோய் வயிற்றில் ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. எங்காவது நாய் குரைத்தால் பிள்ளை கதிரையில் ஏறிக் காலை மடக்கிக்கொண்டுவிடும். கேற்றைத் தாண்டுவதில்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அந்த ஒழுங்கையில் நாய் பிடிக்கப் போன சுடலைமுத்துவிடம் நமசிவாயம்தான் மதிலுக்கு மேலாகப் பேச்சுக் கொடுத்தார்.

"சின்ன நாய் ஒண்டு வளத்தா பிள்ளைக்குப் பயம் தெளியுமெண்டு டொக்டர் சொல்லுறார். கந்தோரில ஒருத்தன் பொமரேனியன் எண்டுறான், இன்னொருத்தன் ஸ்பானியல் எண்டுறான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"பாப்பாவப் பாத்துட்டுச் சொல்றேங்க" என்றார் சுடலைமுத்து. வெள்ளவத்தைப் பக்கம் அவரிடம் நாய் கேட்டது இதுதான் முதல் தடவை.

வேலை முடிந்த மாலைகளில் போய் எதிர்மதிலடியில் குந்தியிருந்தார். பிள்ளை ஜன்னலுக்குள் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பூமரணி கூடாது, அது குரைத்தே கொன்றுவிடும். ஓட்டக்காரன் மேலே பாயும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது முழங்காலுக்குக் கீழேயே நிற்கிற, பாயாத, சோம்பேறியான ஒரு பிராணி. அந்தக் கிழமை கொட்டடியில் அப்படி ஒன்று இருந்தது. செம்மண் நிற வாழத்தண்டு. சீமையில் சண்டை வரப்போகிறதென்று கப்பலேறிவிட்ட ஒரு ஜெர்மன்காரத் துரை வீட்டுடையது என்றார்கள். தேடி யாரும் வரவில்லை. கொட்டடிக் கிளாக்கர் வலன்ரைன் நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் சட்டம்.

"இண்டைக்கு அந்தி மட்டும்தான் சுடலை. நாளைக்கு விடிய இது பெட்டிக்குள்ள."

சுடலைமுத்து நாயைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினார், தானும் குளித்தார். துணிப்பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார். நாயைத் துவாயில் சுற்றி அணைத்துக்கொண்டு காலிக்குப் போகும் வீதி வழியே நடந்தார். நாய் வழிநெடுக அவர் தாடையை நக்கிக்கொண்டு வந்தது. வெள்ளவத்தையை அடையும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

நமசிவாயம் கந்தோரால் இன்னும் வரவில்லை. விறாந்தையில் அவர் மனைவி மனோன்மணி இருந்தார். பக்கத்துக் கதிரையில் காலை மடக்கிக்கொண்டு தவமணி. கேற்றிலிருந்து படி வரைக்கும் கடல் மணல் பரப்பி, அப்போதுதான் கூட்டியிருந்தார்கள். சுடலைமுத்து வழக்கம்போல வெளியில் நின்றார்.

"ஆர், நாய்க்காரனே?"

"ஆமாங்கம்மா. ஐயா சொல்லியிருப்பாருங்க."

"ஓம், சொன்னவர். சின்னச் சாதிதானே?"

இத்தனை தூரம் நடந்து வந்தது இந்தக் கேள்வியைக் கேட்கத்தானா? சுடலைமுத்து வேறு ஏதாவது சாதியைச் சொல்லியிருக்கலாம். கொழும்பில் அப்படிச் சொல்லிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு வாய் வரவில்லை. நாயை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு சொன்னார்:

"ஆமாங்கம்மா. சின்ன சாதிதாங்க."

"நல்லதாப் போச்சு. எங்களுக்குச் சின்னச் சாதிதான் விருப்பம். உள்ளுக்கு வரட்டும்."

அவர் அசையாமல் நின்றார். படித்த யாழ்ப்பாணத்தார் சிலர் இப்போது எல்லோரையும் சமமாக இருத்திச் சாப்பிடுகிறார்கள் என்று கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறார். கேட்டுச் சிரித்துமிருக்கிறார். அப்படியானால் அது உண்மைதானா? இது அப்படிப்பட்ட வீடுதானா? தலை நரைத்த மனிதர் இவ்வளவு சுலபமாக ஏமாறுவாரா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சொல்லுக்காக ஆயுள் முழுக்கக் காத்திருந்தவர் ஏமாறத்தான் செய்வார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாயை இறக்கிவிட்டு, கேற்றைத் திறந்தார். நாயும் அவரும் பக்கம் பக்கமாக மணலில் நடந்தார்கள். படியடியில் நாய்க்குக் கால் எட்டவில்லை. அதைத் தூக்கி விறாந்தையில் விட்டார். அது அவசரமே இல்லாமல் போய், தவமணியின் கதிரைக்குக் கீழே நாடியை நிலத்தில் வைத்துப் படுத்துக்கொண்டது. பிள்ளை மூச்சுவிடாமல் பார்த்தது. பிறகு ஒரு காலை மெல்ல இறக்கியது. நாய் அந்தப் பெருவிரலை ஒரு தடவை நக்கிவிட்டுத் திரும்பவும் படுத்தது.

"அம்மா, இது கடிக்கேல்லை!" என்று சிரித்தாள் தவமணி.

சுடலைமுத்துவும் சிரித்தார். நடந்து வந்த களைப்போ, மனம் நிறைந்துபோனதோ, படியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏய், ஏய்! நீ ஏன் உள்ளுக்கு வந்தனி?" மனோன்மணி கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "நான் நாயையெல்லோ சொன்னனான்!"

அவர் கத்தவில்லை. பாம்பைக் கண்டவர் போலப் பதறித்தான் சொன்னார். சுடலைமுத்துவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு பேசிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து, யாரைச் சொன்னதென்று தெளிவாகிக்கொண்டே போயிற்று. சின்னச் சாதி நாய். விருப்பம் நாய் மேல். உள்ளுக்கு வரச் சொன்னது நாயை. அந்த நேரத்தில் நிலம் பிளந்து விழுங்கியிருந்தால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். எழுந்தார். படியை விட்டு இறங்கினார். இறங்கும்போதுதான் மனோன்மணியின் கண் தான் இருந்த படியிலிருந்து நாயின் மேல் போவதைக் கண்டார். தான் அணைத்துத் தூக்கிவந்த நாய். இதையும் கொண்டுபோ என்று ஒரு வார்த்தை வந்தால், விடிந்ததும் பெட்டி.

"தப்புங்கம்மா. என் காதுல தப்பா வுழுந்துருச்சுங்க. நாயி மேல ஒரு குத்தமும் இல்லீங்க." நாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாயி நல்ல சாதிங்கம்மா."

தவமணி கதிரையிலிருந்து இறங்கி, வெறும் நிலத்தில் சம்மணமிட்டு, நாயின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள். தாய் பிள்ளையைப் பார்த்தார். கடிபட்ட நாளுக்குப் பிறகு அந்தப் பிள்ளை அப்படி நிலத்தில் இருந்ததை அவர் காணவில்லை.

"சரி," என்றார் கடைசியில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "நாய் நிக்கட்டும்."

சுடலைமுத்து கும்பிட்டார். திரும்பி நடக்கவில்லை. படியடியில் குனிந்தார். கூட்டியிருந்த மணலில் பதிந்து கிடந்த தன் காலடியை உள்ளங்கையால் தடவி அழித்தார். ஒரு அடி பின்னால் வைத்து அடுத்ததை அழித்தார். வெள்ளை வேட்டி மணலில் இழுபட, அப்படியே குனிந்தபடி கேற்று வரைக்கும் பின்னோக்கிப் போனார். பக்கத்தில் வரிசையாகக் கிடந்த நாயின் காலடிகளில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொண்டார்.