ஏழாவது நிறுத்தம்

எனக்கு மலைப்பாதை ஆகாது. இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் போதும், வாயில் புளிப்பு ஏறிவிடும். இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஐம்பது வயது ஆள், வாந்தி வருகிறது என்று எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டேன். அந்தச் சின்ன வெட்கத்தை மறைக்கப் போய் இந்தப் பெரிய வெட்கத்தைத் தேடிக்கொண்டேன்.

வாணியம்பாடியில் தோல் தொழில் செய்யும் குடும்பத்து நண்பர் ஒருவர், மூடிக்கிடந்த பழைய தோல் ஷெட்டில் ஐந்து வருடமாக விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் உட்காரும் விமானம். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். என்ஜின், பழைய ஜப்பான் காரிலிருந்து கழற்றியது. இதில் பிஸ்டன் மேலும் கீழும் போகாது. முக்கோணமான இரும்பு ஒன்று உள்ளே சுழலும். ரோட்டரி என்ஜின் என்பார்கள். அதற்குப் பெட்ரோல் ஊட்டும் எலெக்ட்ரானிக் பெட்டியைச் செய்துதருவது என் பொறுப்பு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். மேலே போகப் போகக் காற்று மெலியும், அதற்கேற்பப் பெட்ரோலும் குறைய வேண்டும். அளவுக்கு மீறிக் குறைந்தால் என்ஜின் சூடேறி, உள்ளே இருக்கும் சீல் உடைந்து, நடு வானத்தில் அடங்கிவிடும். அப்போது சீட்டில் இருக்கப்போகிறவர் பாய். விமானம் தேறிய பிறகு பக்கத்து சீட் எனக்கு என்று அவர் சொல்லி வைத்திருந்தார். மலை பஸ்ஸிலேயே தலை சுற்றும் என்று அவரிடம் நான் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பறக்காமல் உயரத்துக்கு எங்கே போவது? ஜவ்வாது மலைக்குத்தான். என்ஜினை இரும்புச் சட்டத்தில் பூட்டி, குட்டையான மர விசிறி ஒன்றை மாட்டி, குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டியில் ஏற்றினோம். திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு வரை பன்னிரண்டு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் என்ஜினை ஓட்டி, புகையில் மீந்த ஆக்ஸிஜனைக் காட்டும் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை பெட்டியின் குமிழைத் திருகி, காற்றழுத்தத்தையும் மில்லி செகண்டையும் நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டுக்கு பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார். யார் செய்தாரோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் தடவை போனபோது பாய்க்கு உறவில் ஒரு கல்யாணம். நானும் டிரைவரும் மட்டும் போனோம். டிரைவர் புதூர்நாட்டுக்காரர், அதிகம் பேசாதவர். நான்கு நிறுத்தம் ஒழுங்காக முடித்தேன். அடுத்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பள்ளத்தைப் பார்த்துக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். டிரைவர்தான் முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தார். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் அது உடம்புக் கோளாறு. நான் போகவில்லை. நேரம் சரியாகப் பொருந்த வேண்டுமே என்று அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் சாயங்காலம் வரை இருந்தேன். டிரைவர் வண்டிக்கு அடியில் தூங்கினார். நான் நோட்டைத் திறந்து மீதி எட்டு வரிகளையும் மனக்கணக்கில் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் எண்கள் ரொம்பச் சீராக இறங்கின. பையன்கள் லேபுக்கு வராமலே ரெக்கார்டு எழுதினால் நான் பிடிப்பது இந்தச் சீரை வைத்துத்தான். அதனால் ஏழாவது நிறுத்தத்தின் எண்ணை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கி வைத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

அந்த எண் பாயைத் தூங்கவிடவில்லை. ஏழாவதில் மட்டும் ஏன் ஏறுகிறது, காற்று உள்ளே வரும் குழாயில் எங்கோ கசிந்து கூடுதல் காற்று புகுகிறது என்று முடிவுகட்டினார். ஒரு மாதம் உட்கார்ந்து அலுமினியக் குழாயைப் புதிதாக வளைத்து வெல்டிங் செய்தார். மணிக்கட்டில் நீளமாகச் சுட்டுக்கொண்டார். நான் அந்த ஷெட்டில் நின்று டார்ச் பிடித்தேன். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்து, தினமும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

குழாய் தயாரானதும், "இன்னொரு வாட்டி போலாம் சார். நானும் வர்றேன்" என்றார். அதே வண்டி, அதே டிரைவர். டிரைவர் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. இந்த விஷயம் தெரிந்த ஒரே மனிதர் அவர். அவரை நான் ஒரு ஆளாகவே எண்ணியிருக்கவில்லை.

அதே வளைவு வந்ததும் நான் கேட்காமலே வண்டியை ஓரம் கட்டினார். சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இத்த மோந்துகினே வாங்க சார். போன வாட்டி இங்கதான ரொம்பக் கஷ்டப்பட்டீங்க."

பாய் அவரைப் பார்த்தார். "இன்னா ஆச்சு போன வாட்டி?"

"சாருக்கு ஒடம்பு முடியல பாய். நாலு எடத்துலதான் இன்ஜின ஓட்டினாரு. அப்பறம் கீழ புளியமரத்தாண்ட வந்து சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போனோம். பாவம்."

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "வண்டிய எடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு நோட்டை அவரே வைத்துக்கொண்டார். நான் குமிழைத் திருகினேன், நடுவில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன், மறுபடியும் திருகினேன். ஏழாவது நிறுத்தத்தில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருந்த பழைய குழாயை வெளியே எடுத்து மாட்டச் சொன்னார். ரோட்டோரம் அரை மணி நேரம் ஸ்பானரோடு மல்லுக்கட்டினோம். பழைய குழாயில் ஓட்டினாலும் அதே எண், புதுக் குழாயில் ஓட்டினாலும் அதே எண். எந்தக் கசிவும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. அவர் மணிக்கட்டுத் தழும்பைத் தேய்த்துக்கொண்டார்.

புதூர்நாட்டில் கடைசி நிறுத்தம். அங்கே என்ஜின் கேட்ட பெட்ரோல், நான் எழுதியிருந்ததைவிடக் கணிசமாக அதிகம். என் எண்களை நம்பி அந்த உயரத்தில் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்; அவர் பழைய பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினார்.

எட்டு வரிக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'அளக்கவில்லை' என்று எட்டு முறை எழுதி, எட்டு முறை கையெழுத்துப் போட்டேன். பக்கத்து சீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

நோட்டை வாங்கி ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

"இத்த மட்டும் ஏன் சார் தூக்கி வெச்சீங்க?"

"நெஜமா அளந்த மாதிரி இருக்கணும்னு, பாய்."

அவர் நோட்டை மூடினார்.

"மத்ததெல்லாம் ஒரே சீரா இருந்துச்சு. எனக்கு அப்பவே லேசா சந்தேகம் வந்துச்சு சார். இந்த ஒரு நம்பரப் பாத்துட்டுதான் உங்கள நம்பினேன்."