கொக்கு சோப்பும் என் தாடியும்

1. முகம்தான் போர்டு

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என் சர்ட்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி இரண்டு கன்னத்தையும், பிறகு தாடையைத் தூக்கச் சொல்லிக் கழுத்தையும் பார்த்தார். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிற குடும்பம் அவருடையது. அதனால் நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகளில் பாலக்காட்டை அடுத்த கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பெரிய தென்னந்தோப்பு வைத்திருந்தவர் அவர். தேங்காய் தேங்கியபோது எண்ணெய் ஆட்டினார். எண்ணெய் தேங்கியபோது சோப்பு காய்ச்சினார். குளிக்கிற சோப்பில் பெரிய கம்பெனிகள் இருந்ததால் சவர சோப்பு என்று முடிவு செய்தார். வட்ட வில்லை, மெழுகுத்தாள் உறை, உறையில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கு. அதற்குக் கீழே அச்சடித்திருந்த பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கொக்கு சோப்பு என்றுதான் கேட்பார்கள். எந்தக் கடையில் வைத்தாலும் அந்தக் கடையின் சவர சோப்புகளில் விலை குறைந்தது அதுவாகத்தான் இருக்கும்.

“ஏப்பா மயிலுசாமி, உன்ற மூஞ்சிதான் நமக்கு போர்டு. அதப் பாத்துத்தான் நாலு பேரு வாங்கோணும்,” என்றார் முதலாளி. அப்படித்தான் நான் சேல்ஸ்மேன் ஆனேன்.

எங்கள் வேலை முறையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அதற்கு ‘அரை மூஞ்சி டெமோ’ என்று பெயர். சலூன் வாசலிலோ கடைத்திண்ணையிலோ கிண்ணம், பிரஷ், ரேஸர், கண்ணாடி எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார வேண்டும். இடது கன்னத்தில் விலை கூடிய வேறு சோப்பு, வலது கன்னத்தில் கொக்கு. கூடியிருப்பவர்கள் முன்னால் இரண்டு பக்கத்தையும் நானே சிரைத்துக் காட்டிவிட்டு, தடவிப் பார்க்கச் சொல்வேன். தெரியாத ஆள் வந்து கன்னத்தைத் தடவும்போது முகம் சுளிக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. கொக்கு எப்போதும் வலது கன்னத்துக்குத்தான். வலதுகைக்காரனுக்கு வலது கன்னம் நன்றாக வரும். இதை முதலாளி எனக்குச் சொல்லித் தந்தார், நான் யாருக்கும் சொல்லவில்லை.

2. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்

ஒரே சோப்பு. ஒரே கொப்பரையில் காய்ச்சியது. ஆனால் ஊருக்கு ஊர் அதைப் பற்றிச் சொன்னதைக் கேட்டால் பத்து விதமான சோப்பு விற்றேன் என்று நினைப்பீர்கள்.

கொழிஞ்சாம்பாறை சலூன்காரர் அதைச் சோப்பு என்றே ஒத்துக்கொள்ளவில்லை. “ஏனுங்க, நுரை ஏறங்காட்டியும் எறங்கிப் போவுதுங்க. கத்தி எடுக்கறதுக்குள்ள மூஞ்சி காஞ்சு கெடக்குது,” என்றார். சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் சப்பைத் தண்ணீர். பருப்பே வேகாது, சோப்பு எங்கே நுரைக்கும்.

கல்பாத்தி அக்கிரகாரத்தில் நுரையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு மாமா வில்லையை முகராமல் தூரத்தில் பிடித்துக்கொண்டு, “இதிலே கொழுப்பு ஏதாவது சேர்த்திருக்காளோ? பொய் சொல்லப்படாது, கேட்டியோ,” என்றார். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் தவிர ஒன்றுமில்லை என்று சொன்னேன். அதே நாள் மத்தியானம் பாலக்காடு கடைவீதியில் மொத்தக் கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் அதே கேள்வியைக் கேட்டார். அவர் கேட்டது வேறொரு பிராணியின் கொழுப்பைப் பற்றி. அதே பதிலைச் சொன்னேன். இரண்டு பேரும் வாங்கினார்கள்.

ஆனால் ராவுத்தருக்கு வாசனை பிடிக்கவில்லை. சிரைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்ன பலகாரம் சுட்டார்கள் என்று கேட்கிறார்கள் என்றார். மாமாவுக்கு அந்த வாசனைதான் பிடித்தது. பின்னால் மலைப் பக்கம் போனபோது பார்த்த தேவிகுளத்துத் தாலுகா ஆபீஸ் கிளார்க்குகள் மூன்றாவது விதம். சோப்பு நன்றாக இருக்கிறது, உறையைக் கழற்றிவிட்டுத் தா என்பார்கள். விலை குறைந்த சோப்பு வாங்குவதைப் பக்கத்து மேஜைக்காரர் பார்த்துவிடக் கூடாது.

இதில் நான் கற்றுக்கொண்ட தொழில் பாடம் ஒன்று உண்டு. யாராவது சரக்கைக் குறை சொன்னால் முதலில் அவர் ஊர்த் தண்ணீரை வாங்கிக் குடித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சரக்கைச் சந்தேகப்பட வேண்டும்.

3. போர்டில் முளைத்தது

இதற்கிடையில் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் மனைவி சரசுவுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே தங்காமல் போயிற்று. ஆறாவது மாதம். உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். நானும் அடுத்த வாரமே ஊர் ஊராகச் சோப்பு விற்க லைனுக்குப் போய்விட்டேன். அப்போது எனக்குத் துக்கம் இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறு வருஷம் சரசு மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மனைவி வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருக்கும்போது புருஷன் சவரம் செய்யக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம். முதல் தடவை அதை யாரும் என்னிடம் பேசவில்லை, வேலை அப்படி என்று விட்டுவிட்டார்கள். இந்தத் தடவை சரசுவே சொன்னாள்.

“இந்த வாட்டி சவரம் பண்ணாதீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். வேலை போய்விடும் என்று நான் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நான் அன்றிலிருந்து கத்தியை எடுக்கவில்லை.

சவர சோப்பு விற்கிறவன் தாடியோடு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சலூன்காரர் என்னைப் பார்த்ததும், சோப்பு வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம் என்றார். ராவுத்தர், தாடி எனக்குப் பொருத்தமாக இருப்பதாகவும், அதனால் ஆர்டரைப் பாதியாகக் குறைப்பதாகவும் சொன்னார்.

காரணம் தெரிந்தவர்கள் அத்தோடு விடவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் சோப்புப் பேச்சுக்கு முன்னால் விசாரணை. பிணம் தூக்கினாயா, கோழி அறுத்தாயா, வீட்டில் ஆணி அடித்தாயா, ராத்திரி எந்த வழியாக வருகிறாய். முதல் தடவை என்ன தப்புச் செய்தாய் என்றுகூட ஒருவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் ஒன்றும் செய்யவில்லை என்று குற்றவாளிபோல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலாளி பாடுதான் தர்மசங்கடம். எடு என்று சொல்ல முடியாது. அவருக்கும் நான்கு பிள்ளைகள், நான்கு தடவையும் தாடி வைத்தவர். இருக்கட்டும் என்றும் சொல்ல முடியாது. கடைசியில் என்னைப் பாலக்காடு லைனிலிருந்து எடுத்து மலை லைனில் போட்டார். குளிருக்குத் தாடி நல்லது என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, மலையில் நிலையாக ஒரு எஸ்டேட் ஆர்டர் வராவிட்டால் அந்த லைனை மூடிவிடுவதாகவும், அப்படி மூடினால் எனக்குக் கொடுக்க வேறு வேலை இல்லை என்றும் சொன்னார்.

விடைபெறப் போனபோது கல்பாத்தி மாமா திடுக்கிட்டார். கர்ப்பிணியின் புருஷன் மலை ஏறப்படாது என்றார். பஸ்ஸில் ஏறினால் மலை ஏறியதாகுமா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பஸ்ஸைப் பற்றி எந்த சாஸ்திரத்திலும் இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

4. சூரியநெல்லியில்

உடுமலைப்பேட்டை, மறையூர், மூணாறு வழியாகத் தேவிகுளம் போய், அங்கிருந்து சூரியநெல்லி. மலை ஓடைத் தண்ணீரில் கொக்கு சோப்பைப் போட்டதும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நுரை கிண்ணம் நிறைந்து வழிந்தது, அடங்கவும் இல்லை. எங்கள் சோப்பு நல்ல சோப்பு என்பதை அன்றுதான் நானே நம்பினேன்.

பஜாரில் கொஞ்சம் போட்டு வைத்தேன். அடுத்த தடவை போனபோது ஒன்றுகூட மிச்சமில்லை. வாங்கியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள் என்றார் கடைக்காரர். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு விரலெல்லாம் கறுப்புக் கறை ஏறியிருக்கும். வேறு எந்தச் சோப்புக்கும் போகாத கறை கொக்கு சோப்புக்குப் போகிறது என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு லயம் பேச்சாகிவிட்டது. பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் அதுதான். சவரத்துக்கு ஒரே ஒரு ஆள் வாங்கியிருந்தார், அவரும் கறைக்காகத்தான் வாங்கியிருக்கலாம்.

எஸ்டேட் ஆர்டர் என்றால் எஸ்டேட் ஸ்டோரில் எடுக்க வேண்டும். ஸ்டோர் கீப்பர் செல்லையா திருநெல்வேலிப் பக்கத்து வழிவந்தவர். பெண்கள் கை கழுவுகிற கதை அவர் காதுக்கும் போயிருந்தது. அதுதான் அவருக்குத் தடை. ஷேவிங் சோப்பு என்று ஸ்டாக் எடுத்து, அதை வைத்து ஆம்பளை ஒருவனும் ஷேவ் செய்யவில்லை என்றால் துரைக்கு என்ன பதில் சொல்வது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் வாசலில் ஆட்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் சிரைத்துக் காட்டினால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஞாயிறு வந்தது. லயத்து ஆண்கள் வாரச் சவரத்துக்கு முந்தைய முகத்தோடு நின்றார்கள், பெண்கள் அரிசிப் பையோடு நின்றார்கள். நான் கிண்ணத்தில் நுரை எழுப்பிக் காட்டினேன். யாராவது உட்காருங்கள் என்றேன். யாரும் வரவில்லை.

“அடுத்தவன் மூஞ்சி எதுக்குவே?” என்றார் செல்லையா. “உம்ம மூஞ்சில இவ்வளவு தாடி கெடக்கு. அதை எடுத்துக் காட்டும். அப்ப ஒத்துக்கிடுதேன்.”

கூட்டம் சிரித்தது. நியாயமான பேச்சுத்தான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். என் கையில் நுரை ஏறிய பிரஷ். இரண்டு நிமிஷ வேலை. சரசு மலைக்குக் கீழே பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வீட்டில் இருக்கிறாள், அவள் கண்ணில் படப்போவதில்லை. தாடி எடுத்ததால் குழந்தைக்கு ஏதாவது ஆகும் என்று நான் முழுதாக நம்பவும் இல்லை. வேலை போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் பிரஷ் மேலே வரவில்லை. பாத்திரம் கழுவப் போன அவள் முதுகுதான் கண்ணில் நின்றது.

“முடியாதுங்க. ஊட்டுல முழுகாம இருக்கறாங்க. மொதல் கொழந்த நிக்கலீங்க,” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. பெண்களில் ஒருத்தி எத்தனை மாசம் என்று கேட்டாள். சொன்னேன். நான் சாமான்களைத் துடைத்து எடுத்து வைக்கத் தொடங்கினேன். செல்லையா ஸ்டோருக்குள்ளிருந்து முக்காலியைத் தூக்கிவந்து என் முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“எம் மூஞ்சில போடும்.”

அதுவரை நான் என் முகத்தைத் தவிர வேறு முகத்தைச் சிரைத்ததில்லை. தாடையில் ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று, இரண்டு இடத்தில் வெட்டிவிட்டேன். நுரை சிவப்பானது. மனிதர் அசையவில்லை. முடிந்ததும் கண்ணாடியை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து, படிகாரத்தை ஒற்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “சோப்புல குத்தமில்ல. உம்ம கைதான் வெளங்காது.”

அந்த வாரமே ஸ்டோரில் கொக்கு சோப்பு எடுத்தார்கள். ஸ்டாக் புத்தகத்தில் செல்லையா ஷேவிங் சோப்பு என்றே எழுதினார். பெண்கள் வாங்கிக் கை கழுவினார்கள். மலை லைன் மூடப்படவில்லை.

5. வீட்டில் கேட்ட அபிப்பிராயம்

தை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். செய்தி கிடைத்து நான் மலையிறங்கி வந்தபோது தாடி நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழந்தையைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அழுகையெல்லாம் தாடிக்குள்ளேயே போயிற்று.

சரசு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இனி எடுத்துருங்க. புள்ள மொகத்தப் பாக்கட்டும்,” என்றாள்.

வழக்கத்தை மதித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது, நீ சொன்னது நல்லதாயிற்று என்று நான் பெருமையாகச் சொன்னேன். சூரியநெல்லியில் நடந்ததையும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு அதுலயெல்லாம் நம்பிக்கை இல்லீங்க. மொதல் வாட்டி எல்லாரும் என்னயத்தான் கேட்டாங்க. என்ன தின்னே, எங்க நடந்தே, எதத் தூக்குனேன்னு. உங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. நீங்களும் வழுவழுன்னு லைனுக்குப் போயிட்டீங்க. இந்த வாட்டி உங்களயும் நாலு பேரு கேக்கட்டும்னுதான் தாடி வெக்கச் சொன்னேன்.”

சாயங்காலம் சலூனுக்குப் போய் உட்கார்ந்தேன். என்ன சோப்பு போட்டார் என்று கவனிக்கவே இல்லை.

பிறகு பல வருஷம் சோப்பு விற்றேன், அதற்குப் பிறகு வேறு பலதும் விற்றேன். தொழிலில் கற்றதை முன்பே சொல்லிவிட்டேன், தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொன்னது. வீட்டில் கற்றதை இப்படித்தான் பின்பற்றுகிறேன்: எங்கள் ஊரில் எந்த வீட்டில் பிள்ளை தங்காமல் போனாலும், நான் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவனைத்தான் விசாரிப்பேன். என்ன தின்றாய், எங்கே நடந்தாய், எதைத் தூக்கினாய். நிறையப் பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளேயிருந்து காப்பி மட்டும் எனக்குத் தவறாமல் வந்துவிடும்.