செம்புதான் சுடும்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். சாமியைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயம்.

படப்பையில் எங்கள் மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். ஒரகடம் கம்பெனியில், ஒயர் இல்லாமல் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் தட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஒல்லி உடம்பு, படிய வாரிய தலை. எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

என் மகனும் அப்படியொரு தட்டை ஆசையாக வாங்கி வந்தான். ஒருநாள் தண்ணீர் பிடிக்க வந்தவள், அதன்மேல் கிடந்த அவன் போனைத் தொட்டதும் தூக்கிவிட்டாள்.

"இன்னாம்மா, இப்படிக் கொதிக்குது! உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

போன் கவருக்குள் நான் வைத்த முருகன் செப்புத் தகடு.

"அத்த எடுக்காத கண்ணு. லாரிங்க நடுவுல பைக்ல ஷிப்ட்டுக்குப் போறான். சாமி எங்கனா சுடுமா?"

"சாமி சுடாதும்மா, செம்புதான் சுடும். தட்டுக்கும் போனுக்கும் நடுவுல எந்தத் தகடு இருந்தாலும் சூடேறிடும். சார்ஜ் ஏர்ற வரைக்கும் உங்க கையில வெச்சிக்குங்க. அவரு கெளம்பும்போது திரும்பப் போட்டுடுங்க."

இன்றும் போன் சார்ஜ் ஏறும்போதெல்லாம் தகட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு அவனுக்காக வேண்டுகிறேன். அவள் வீடு மாறிப் போய்விட்டாள். அன்று அவள் தொட்டுப் பார்த்தது போனின் சூட்டையா, என் பயத்தையா என்று நினைத்துக்கொள்வேன்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சாமி சுட்டது என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவள் சொன்னபடியே சொல்லுங்கள்.