உருளைக்குப் போட்ட பூசை

காலாங் ஆற்றோர ஆலையில் ரப்பரை நசுக்கும் உருளைகளுக்குள் கை போகாதபடி ஓர் இரும்புக் கம்பி இருந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று கங்காணி அதைத் தூக்கிக் கயிற்றால் கட்டிவைத்தார். என்னோடு நின்ற காத்தமுத்துவின் வலது கை நசுங்கிப் போயிற்று. மறுநாள் கங்காணி அதே உருளைகளுக்குச் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

“மிஷினு காவு கேட்டுருச்சு. இனி ஒண்ணும் ஆகாது,” என்றார்.

“கம்பியைக் கட்டினது யாருண்ணே?” என்றேன்.

“ஒனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

நெஞ்சு கொதிக்க ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் காத்தமுத்துவிடம் கொட்டினேன். அவன் கட்டுப்போட்ட கையையே பார்த்தபடி, “வெள்ளிக்கெழமை அதுவுமா கருவாடு தின்னுட்டு மிஷினைத் தொட்டேன். என் குத்தம்தான்,” என்றான்.

வருஷங்கள் ஓடி, கங்காணி செத்தும் போனார். காத்தமுத்துவின் கையையும் பறித்து, குற்றத்தையும் அவன் தலையிலேயே ஏற்றிவிட்டார்களே, அந்தக் கோபம் மட்டும் எனக்குள் சாகவில்லை.