வாலில்லாத வால்வெள்ளி

கனடாவில் வானத்தைப் பார்க்கவும் ஆயத்தம் வேண்டும். மார்கழி மாதத்து மாலையொன்றில் பக்கத்து வீட்டு டேவிட் கதவைத் தட்டி, போர்வையும் மடக்குக் கதிரையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வரச் சொன்னார். ஜெமினிட்ஸ் என்ற எரிகற்கள் மழையாகக் கொட்டுமாம். போய்ப் பார்த்தால் தெருவே மல்லாந்து கிடக்கிறது. வானில் ஒரு கோடு விழுந்தால் போதும், கண்ணை மூடி வரம் கேட்கிறார்கள். ஒருத்திக்குப் பதவி உயர்வு, இன்னொருவருக்கு மெலிந்த வயிறு. எல்லாம் படித்த சனம், கேட்பது தூசியிடம்.

அந்தத் தூசியை உதிர்த்தது ஒரு கல் என்று டேவிட் விளக்கினார். சூரியனுக்கு மிகக் கிட்டப் போய்வரும் அந்தக் கல், முன்பு வால்வெள்ளியாக இருந்திருக்கலாமாம்.

"இப்போது செத்துவிட்டதா?"

"உறங்கவும் கூடும். நிச்சயமில்லாமல் செத்தது என்று விஞ்ஞானிகள் சொல்ல மாட்டார்கள்" என்றவர், "உங்கள் ஊரிலும் வானத்திலிருந்து வெளிச்சம் விழுமா?" என்று கேட்டார்.

"விழும். பரா லைட். கண்டதும் பங்கருக்குள் ஓடுவோம்."

"அற்புதம். அங்கே நல்ல இருட்டாக இருந்திருக்கும்."

ஷெல்லடிக்க முன் ஆமி இரவில் வானில் ஏற்றும் விளக்கு அது, ஓடியது பதுங்குகுழிக்குள் என்று இந்த மனுசனுக்கு எப்படி விளக்க?

எங்கள் ஊரான உடையார்கட்டில் எரிவெள்ளியிடம் யாரும் பிச்சை கேட்பதில்லை. கண்டால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கெடுதல். அக்காவின் கணவர், என் அத்தான், எனது தாடையைப் பிடித்து முற்றத்துப் பலாவின் பக்கம் திருப்பிவிடுவார். முள்ளிவாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போன அத்தான் திரும்பி வரவில்லை. அவர் இறந்துவிட்டதாக எழுதிக் கொடுக்கச் சொல்லி அரசாங்கக் கந்தோர்க்காரர் அக்காவை நச்சரித்தபடி இருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களுக்கு நிச்சயம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கல்லுக்குக் கிடைக்கும் மரியாதை என் அத்தானுக்கு இல்லை.

அப்போதுதான் அக்கா வீடியோவில் அழைத்தா. அங்கே விடிந்துவிட்டிருந்தது.

"தம்பி, இண்டைக்குக் கந்தோருக்கு வரட்டாம். கையெழுத்து வைச்சா அலுவல் முடியுமாம். எனக்கும் களைச்சுப் போச்சு. வைக்கட்டோ?"

அந்தக் கல்லின் கதையைச் சொன்னேன்.

"கல்லுக்கே அவ்வளவு யோசிக்கினமோ?"

"ஓம் அக்கா."

"அப்ப இவையும் யோசிக்கட்டும். நான் போகேல்லை."

சொல்லிவிட்டுக் குங்குமச் சிமிழை எடுத்தா. மைதானம் கைதட்டியது. தலைக்கு மேலே ஒன்று எரிந்து போயிற்று. என் கண் பழக்கத்தில் பச்சை தேடியது. சுற்றிலும் இலை கொட்டிய மேப்பிள்கள். கையிலிருந்த போனில், பொட்டு வைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பின்னால், ஷெல் பட்டுப் பாதியான அந்தப் பலா நின்றது. அதைப் பார்த்தேன்.