மஞ்சுக்குள் கூப்பிட்ட பேர்

தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பெண்கள் விறகுக்குப் போவார்கள். சித்திரபுரத்துக்கு மேலே எங்கள் லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடுகள். லயத்துக்கு மேலே தேயிலை. அதற்கும் மேலே காடு. எழுபதுகளில் எங்கள் அடுப்புக்கு எல்லாம் அந்தக் காடுதான்.

அன்றைக்கு என் வீட்டுக்காரியும் போனாள். மத்தியானம் சாய்ந்ததும் மஞ்சு இறங்கிவிட்டது, மலையின் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. கூடப் போனவர்கள் வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை.

"எங்ககூடத்தாண்ணே வந்தா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "கட்டு அவுந்துபோச்சு, கட்டிட்டு வாரேன், முன்னால போங்கன்னா. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

தூறலும் போட்டது. அந்தக் குளிரில் நனைந்து ராத்திரி காட்டில் கிடந்தால் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும். வெளிச்சம் போவதற்குள் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும். அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காட்டோரம் போய் நின்று அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். நெஞ்சு வலிக்கும்வரை கத்தினேன்.

சத்தம் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்தில் அவர்கள் கூடாரம் இருந்தது. ஒருவர் மலையாளத்து என்ஜினீயர். ஓடைகளில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று அளக்க வந்தவர். இன்னொருவர் அவருக்கு வழிகாட்டி. முதுவாக்குடிக்காரர், என் வயசுதான் இருக்கும். நாங்கள் தேயிலைக்கு வருவதற்கு முன்னாலிருந்தே இந்த மலையில் இருக்கிற முதுவர் ஜனம் அவர்கள்.

விஷயத்தைச் சொன்னேன். முதுவர் என் தோளில் கை வைத்தார்.

"கூப்பிடாதே அண்ணே. மஞ்சுக்குள்ள பேர் சொல்லக்கூடாது. மலை அந்தப் பேரை எடுத்துக்கும். எடுத்து அதுவும் கூப்பிடும். பாவம் அவ எந்தப் பக்கம்னு போவா?"

எனக்குக் கோபம் வந்தது. "பொண்டாட்டியக் காணோம். வாயப் பொத்திக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

படித்தவர் என் பக்கம் பேசுவார் என்று என்ஜினீயரைப் பார்த்தேன்.

"விளிக்கண்டா, கூப்பிட வேண்டாம்," என்றார் அவர். "எதிர்ல பெரிய பாறை இருக்கு. நீ விளிச்சா சத்தம் அதுல தட்டி அங்கேருந்து வரும். அவங்க அதை நம்பி நடந்தா நேரே பள்ளம்."

ஒருவர் மலை என்றார். ஒருவர் பாறை என்றார். இரண்டு பேரும் வாயை மூடச் சொன்னார்கள். மூடினேன்.

என்ஜினீயர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. ஓடைக்கு அந்தக் கரையில் நிற்கிற ஆளுக்குச் சைகை கொடுக்க வைத்திருந்தார். அதைக் கையில் எடுத்தார். உடனே ஊதவில்லை. முதுவரிடம், "இது ஊதலாமா?" என்று கேட்டார்.

முதுவர் யோசித்தார். "அதுக்கு யார் பேரும் தெரியாது. ஊதலாம்."

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மரம், அடியில் முதுவர்கள் கும்பிடுகிற ஒரு கல். முதுவர் ஒரு கொத்து இலை ஒடித்துக் கல்லில் வைத்தார். என்ஜினீயரும் ஒடித்து வைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்னோட மழை அளக்குற குப்பியை இவர் தினமும் போய்ப் பார்க்கிறார். நான் ஒரு இலை வெச்சா என்ன குறைஞ்சுபோகும்?" என்றார். நானும் வைத்தேன். எங்கள் ஊர் மாரியம்மனை நினைத்துத்தான் வைத்தேன். கல் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஊதினார். காத்திருந்தோம். மறுபடி கொஞ்ச தூரம் நடந்து ஊதினார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் இரும்பு தட்டுகிற சத்தம் வந்தது. இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று. நான் வலது பக்கம் ஓடப் பார்த்தேன். முதுவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"மொதல்ல வந்தது அவ. பின்னால வந்தது மலை."

என்ஜினீயர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இடது பக்கம் கையைக் காட்டினார்.

பள்ளத்தை ஒட்டி, ஒரு பாறையின் கீழ் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் வெட்டரிவாள். அதைப் பாறையில் தட்டிக்கொண்டே இருந்தாள். எங்களைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. உதடு நீலம். எழுந்திருக்க முடியவில்லை.

என்ஜினீயர் தன் கம்பளியைக் கழற்றிக் கொடுத்து, ஈரச் சேலையை மாற்றச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மடியில் கொஞ்சம் சாராயம் இருந்தது. எடுத்தேன். "வேண்டாம். அது உடம்புக்குள்ள இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுடும்," என்றார் என்ஜினீயர். முதுவர் செத்த மரத்தைப் பிளந்து, உள்ளே காய்ந்திருந்ததைச் சீவி எடுத்து, அந்தத் தூறலில் தீ மூட்டினார். தகரக் குவளையில் வெந்நீர் வைத்துத் தேன் கலந்து கொடுத்தார். நடுக்கம் குறைந்ததும் ஒரு துணியில் அவளை முதுகோடு கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் விளக்கு பிடித்து வந்தேன். அந்த இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அவள் இல்லை.

அடுத்த ஞாயிறு அவள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவர்கள் கூடாரத்துக்கு எடுத்துப் போனோம். சாப்பிட்டுக்கொண்டே என்ஜினீயர் கேட்டார்.

"இவர் விளிச்சது உங்களுக்குக் கேட்கலையா?"

"கேட்டுச்சுங்க. ரெண்டு பக்கமும் கேட்டுச்சு. அதான் பயந்து கீழ எறங்கி ஓடினேன்."

"புருஷன் கூப்பிட்டா ஓடுவாங்களா?"

"இவுக என்னைக்குங்க எம் பேரச் சொல்லியிருக்காக? கல்யாணம் ஆன நாள்லருந்து 'ஏ பிள்ள'தான். ஆம்பளக் குரல் ஒண்ணு எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, அது பேயி இல்லாம வேற யாரு?"

"அப்ப விசிலுக்கு மட்டும் ஏன் பதில் குடுத்தீங்க?"

"பேய் எங்கயாச்சும் பஸ் கண்டக்டரு மாதிரி விசில் ஊதுமா?"

என்ஜினீயர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பென்சிலால் பாறை, சத்தம் எல்லாம் வரைந்து காட்டினார். முதுவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மலை பேரை எப்படி எடுக்கும் என்று சொன்னார். என்ஜினீயரும் அதேபோல் தலையாட்டிக் கேட்டார். அவள் இரண்டையும் கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரு சொல்றதும் இருக்கும்," என்றாள். "இந்த மனுசன் எம் பேரச் சொன்னாருங்கிறதுதான் நம்ப முடியல."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கேயே அவள் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். முதுவர் கையைத் தூக்கினார்.

"இங்க வேண்டாண்ணே. லயத்துல போய்ச் சொல்லு."

எது சரி என்று நான் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. பாறையா, மலையா, மாரியம்மனா? அவள் கிடைத்தாள். மூன்று பக்கமும் கும்பிட்டுவிட்டேன்.

லயத்துக்கு வந்து சொன்னேன். அடுப்பூதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா," என்றாள். "பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது."