அமெரிக்காவுக்குப் பூ கேட்ட நாள்

1998 மே 14, வியாழக்கிழமை. எழுந்ததும் சிறுவாணித் தண்ணீரைக் குடங்களில் பிடித்து வைத்தேன். பால் வாங்கினேன். காபியோடு பேப்பரைப் பிரித்தேன். பொக்ரானில் நாம் வெடித்த அணுகுண்டுகளுக்காக அமெரிக்கா நம்மீது பொருளாதாரத் தடை விதித்திருந்தது. செய்தியைப் படித்து முடிப்பதற்குள் பல்லடத்திலிருந்து அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார்.

"மாப்ளெ, பேப்பர் பாத்தியா? பையன மறுக்கா உள்ள உடுவானுகளா?"

பையனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. லீவில் அன்னூருக்கு வந்திருந்தான். மறுநாள் அவனுக்கும் என் அக்கா மகளுக்கும் நிச்சயம்.

"தடையெல்லாம் சாமானுக்குத்தானுங்க மாமா. ஆளுக்கு இல்லீங்க."

"எம்பட தறித்துணியும் போகாது, மாப்பிள்ளையும் போக முடியாதுன்னா என்னடா பண்றது? பூ கேட்டுப்போடலாம், வா."

பூ கேட்காமல் மாமா தறிக்கொட்டகைக்குக் கதவுகூட வைத்ததில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி மாரியம்மன் முன் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை. நான் பஸ் பிடித்துப் பல்லடத்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசாரி பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளை அரளி. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அக்கா மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"ஏனுங்கப்பா, சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"அமெரிக்காக்காரன் கோவம் தணியுமான்னு கேட்டேன் கண்ணு. தணியும்னு வந்துருச்சு."

"எம்பட கல்யாணத்தப் பத்தி?"

மாமா என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"அத மறுக்கா போய்க் கேக்கோணும்" என்றார் மாமா.

"போய்ச் சிவப்பு வந்துட்டா?" என்றாள் அக்கா. மாமா எழவில்லை.

அப்போது போன் அடித்தது. அன்னூரிலிருந்து பையனின் அப்பா.

"ஏனுங்க சம்பந்தி, கோவிச்சுக்கக் கூடாது. பேப்பரப் பாத்துப்போட்டு நாங்களும் ஒரு பூ கேட்டமுங்க."

"என்னன்னு கேட்டீங்க?"

"நம்ம கவர்மெண்டு இன்னொண்ணு வெடிக்குமான்னுதானுங்க. சிவப்பு வந்துருச்சு. இனி வெடிக்காதுங்க."

மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு கவர்மெண்டுக்கும் பூ கேட்டாச்சுங்களா?" என்றாள் அக்கா மகள். "எனக்குச் சம்மதமுங்கப்பா. இதுக்குப் பூ வேண்டாம். அம்மா, சோறு போடுங்க."

மாமா கையை எடுத்தார். "நாளைக்கு வாங்க சம்பந்தி" என்றார்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக, நிச்சயத்தில் மாற்றிக்கொள்ள வேண்டிய உப்பும் சர்க்கரையும் வாங்க மாமாவும் நானும் மளிகைக் கடைக்குப் போனோம்.